கிளட்ச் பிடிக்கும் இடம்

நான் உள்ளே போனபோது மாமா கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் போட்ட நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கடிதம். இடது தொடை இறுகி, முழங்கால் மெல்ல நீண்டு, அப்படியே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி வந்தது. முழங்காலுக்கு நாலு விரல் கீழே மடித்து ஊக்கு குத்தியிருந்த பேண்ட் துணியும் அதோடு போய்த் திரும்பியது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. இல்லாமல் போய் நாலு மாதம் ஆகிறது. செயற்கைக் கால் கதவோரம், ஒரு ஷூவை மாட்டிக்கொண்டு, யாரோ வீட்டுக்கு வந்து யாரும் உள்ளே கூப்பிடாமல் நிற்பதுபோல நின்றது. மாமா அதை இன்னும் போட்டு நடக்கவில்லை. பயிற்சி கொடுக்கிறவர் போன வாரமும் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். இன்னும் சில வாரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் முழங்கால் மடங்கிய வாக்கில் இறுகிவிடும், அப்புறம் எந்தக் காலும் பொருந்தாது என்று.

“ஒண்ணு சொல்பேச்சு கேக்காமப் போனதுக்கே இந்தக் கதி. இன்னொண்ண வேற நம்பச் சொல்றான்” என்று மாமா அதற்குச் சிரித்தார்.

கடிதத்தை என்னிடம் நீட்டினார். நானூறு மீட்டர் நேர்ப்பாதைக் கார் பந்தயம் நடத்துகிற சங்கத்தின் விசாரணை முடிவு. மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்: கிளட்சை விடும்போது ஓட்டுநரின் இடது கால் நடுவழியில் தயங்கி நின்றதே விபத்துக்குக் காரணம்.

“என் கால்தான் மாப்ள. ஏன் நின்னேன்னு அதுகிட்டயே கேக்கலாம்னா, ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துட்டோம்.”

மாமா என் அக்காவின் கணவர். நானும் அவரும் சேர்ந்துதான் பட்டறை நடத்தினோம். இன்ஜின் அவருடையது, வயரிங்கும் வண்டியின் கம்ப்யூட்டரும் என்னுடையது. பந்தயத்தில் வண்டியை ஓட்டுவதும் அவர்தான். இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். அவருடைய இடது காலுக்குக் கண் இருக்கிறது என்று எதிராளிகளே சொல்வார்கள். இப்போது அந்த ஒரு காலை மட்டும் பகலெல்லாம் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். நின்றாயா? எங்கே நின்றாய்? எதைப் பார்த்துப் பயந்தாய்?

கால் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். விபத்து நடந்த அன்று சாயங்காலமே தெரியும்.

வண்டியின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியையும் நூறு துண்டாக நறுக்கி எழுதி வைக்கும். அந்தப் பதிவை விசாரணைக்குக் கொடுத்ததே நான்தான். எதையும் மறைக்கவில்லை. அதில் மூன்று கோடுகள்தான் முக்கியம். ஒன்று கிளட்ச் பெடலுக்கு அடியிலிருக்கும் சுவிட்ச், இரண்டாவது இன்ஜினின் சுற்று, மூன்றாவது சக்கரத்தின் வேகம். பெடலிலிருந்து கால் எழும்போது சுவிட்சின் கோடு விழுகிறது. உடனே இன்ஜின் கோடு செங்குத்தாக ஏறுகிறது. சக்கரத்தின் கோடு மட்டும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் அசையாமல் கிடக்கிறது. அந்த இடைவெளியை இரண்டு விதமாக வாசிக்கலாம். கால் நடுவில் நின்றது என்பது ஒரு வாசிப்பு. சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது இன்னொன்று. பெடல் இருந்த பகுதி நசுங்கிக் கூழாகிவிட்டதால் சுவிட்ச் எங்கே இருந்தது என்று யாரும் பார்க்க முடியவில்லை. என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

அக்கா வேலை முடிந்து வந்தாள். துணி ஆலையில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. பையை வைத்தாள், கை கழுவினாள், மாமாவின் மடியிலிருந்து கடிதத்தை எடுத்து நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பிறகு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லேன்டா. நாலு மாசமா இவரு கட்டப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுறேன். எது இவரு காலக் கொண்டுபோச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “கேட்டுட்டேல்ல? இனி மூணு மணி நேரம் எந்திரிக்க முடியாது.”

பட்டறைத் தெருவில் எனக்குப் பெயரே ‘வெளக்கம்’. ‘வெளக்கம் வாயத் தொறந்துட்டான், டீ சொல்லிட்டு உக்காரு’ என்பார்கள். உண்மைதான். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ விளக்குப் போட்டதுபோல ஆகும். அன்றைக்கு வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்கா கேட்கிறாள். சுருக்கமாக, மேலோட்டமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று சமையலறைக்குப் போய் இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்து வந்தேன்.

ஒன்றை என் கையில் வைத்துச் சுற்றினேன். இது இன்ஜின், இது எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றேன். இன்னொன்றை அக்காவிடம் கொடுத்தேன். அது சக்கரம், சும்மா நிற்கிறது. இரண்டையும் அழுத்தி ஒட்ட வைத்தால் இன்ஜின் சுற்றுவது சக்கரத்துக்குப் போகும், வண்டி நகரும். கிளட்ச் பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும். பெடலை விட விட நெருங்கி வந்து, ஓர் இடத்தில் உரச ஆரம்பித்து, பிறகு இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த உரச ஆரம்பிக்கிற இடத்தைத்தான் ஓட்டுகிறவர்கள் கிளட்ச் பிடிக்கிற இடம் என்பார்கள்.

பந்தயத்தில் பச்சை விளக்கு விழுந்ததும் வண்டி பாய வேண்டும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது கிளட்சை விட்டால் வண்டி திணறி உட்கார்ந்துவிடும். வெறி பிடித்துச் சுற்றும்போது விட்டால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைந்துகொண்டிருக்கும். நடுவில் சரியான சுற்று ஒன்று இருக்கிறது. எங்கள் வண்டிக்கு அது நிமிடத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு. நெஞ்சு அடித்துக்கொள்கிற நேரத்தில் வலது காலை அந்த அளவில் நடுங்காமல் பிடித்து வைப்பது லேசில்லை. அதனால் அந்தப் பொறுப்பை வலது காலிடமிருந்து பிடுங்கிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பெயர்தான் லாஞ்ச் கன்ட்ரோல்.

“எப்படிக் குடுப்பீங்க?” என்றாள் அக்கா.

கிளட்ச் பெடலுக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச். பெடல் அதை அழுத்திக்கொண்டிருக்கும் வரை, வண்டியும் நின்றுகொண்டிருக்கும் வரை, ‘இவர் விளக்குக்காகக் காத்திருக்கிறார்’ என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். அப்போது ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாலும் இன்ஜினை நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் போக விடாது. எப்படித் தடுக்கும் என்றால், உள்ளே பெட்ரோல் எரிவதற்கான தீப்பொறியை ஒன்று விட்டு ஒன்று கொடுக்காமல் நிறுத்திவிடும். எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய் வெடிக்கும். பந்தயத்தில் கேட்குமே பட்பட்டென்று, கூட்டம் கைதட்டுமே, அதுதான் அந்தச் சத்தம். கால் பெடலை விட்டதும் சுவிட்ச் விடுபடும். கட்டு அவிழும். முழு பலமும் சக்கரத்துக்கு.

“அப்ப எல்லாமே கம்ப்யூட்டர் பாத்துக்குதுல்ல. இவரு என்னத்த பண்ணாரு?”

கியர் தானாக மாறுகிற வண்டியில் கிளட்சையும் கம்ப்யூட்டரே விட்டுக்கொள்ளும். ஆள் விளக்கைப் பார்த்தால் போதும். எங்களுடையது கையால் கியர் போடுகிற வண்டி. அதில் இடது கால் மட்டும் மனிதனுடையது. எப்போது விடுவது, எவ்வளவு வேகமாக விடுவது என்பதில் எந்த இயந்திரமும் அவருக்குக் கைகொடுக்காது. நான் இதைச் சொன்னபோது மாமா தலையை ஆட்டினார். முகத்தில் பழைய பெருமை ஒரு கணம் வந்துபோயிற்று.

நான் நிறுத்தியிருக்க வேண்டியது அங்கேதான். அக்கா தட்டைத் தரையில் வைக்கவில்லை. விபத்து எப்படி என்று இன்னும் சொல்லவில்லையே என்பதுபோல என்னைப் பார்த்தாள். எனவே சொன்னேன். கட்டு அவிழும் கணத்தில் இரண்டு தட்டும் உரசத் தொடங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் வண்டியின் எடை இன்ஜினைப் பிடித்து இழுத்து வைக்கும். தட்டுகள் பிரிந்திருக்கும்போதே கட்டு அவிழ்ந்தால் இன்ஜினைத் தடுக்க ஒன்றுமே இல்லை. வலது கால் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்திருக்கிறது. கண் இமைப்பதற்குள் ஏழாயிரத்தைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் போய்த் தட்டுகள் மோதின. சுற்றுகிற தட்டு வார்ப்பு இரும்பு. எடை குறையட்டும் என்று லேத்தில் கொடுத்துச் சீவியிருந்தோம். அது தாங்கவில்லை. உடைந்து சிதறியது. அந்தத் தட்டுக்கு நேர் பின்னால்தான் பெடல்கள் இருக்கின்றன. ஒரு துண்டு தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது.

அக்கா எவர்சில்வர் தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் நடுங்கி நடுங்கி ஓய்ந்தது.

“எங்க பழைய மிஷினும் இதேதான்” என்றாள். “மேசைக்கு அடியில மோட்டார் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். பெடல மிதிச்சாத்தான் உள்ள ரெண்டு தட்டு ஒட்டி ஊசி ஓடும். அந்தத் தட்டு தேயும்டா. தேஞ்சா மிதிக்கிற ஆழம் மாறிப்போகும். அதுக்குன்னு மெக்கானிக் வந்து கம்பியத் திருகி வச்சிட்டுப் போவாரு. அவரு வரலன்னா ஊசி நம்ம காலுக்குக் கட்டுப்படாது.” இடது கைச் சுட்டுவிரலைத் திருப்பிக் காட்டினாள். நகத்தின் நடுவே பழைய தழும்பு. “உங்க தட்டு தேயாதா?”

விசாரித்த அந்த மூன்று பேரும் நாலு மாதமாகக் கேட்காத கேள்வி.

விபத்து நடந்த அன்றைக்கு மத்தியானம் பந்தயத் திடலில் வெயில் கொளுத்தியது. புதுக் கிளட்ச் போட்டிருந்தோம். பாய்ந்து பாய்ந்து கிளப்புகிற வண்டியில் புதுத் தட்டு வேகமாகத் தேயும். தேயத் தேயக் கிளட்ச் பிடிக்கிற இடம் பெடலில் மேலே ஏறிக்கொண்டே போகும். சுவிட்சும் அதோடு கூடவே ஏற வேண்டும். அதனால் ஐந்து தடவை கிளப்பினால் ஒரு தடவை நான் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, மாமாவை மெதுவாகப் பெடலை விடச் சொல்லி, வண்டி எங்கே உதறுகிறது என்று பார்த்து, சுவிட்சை ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ திருகி மேலே ஏற்றுவேன். இது நானே வைத்த சட்டம். மறக்காமலிருக்கக் கருவிப் பெட்டியின் மூடியில் சாக்பீஸால் கோடு கிழிப்பேன். நாலு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே. குறுக்குக் கோடு விழுந்தால் படுக்க வேண்டும்.

இரண்டாவது குறுக்குக் கோடு விழுந்தபோது ஒரு பஸ் டிரைவர் வந்தார். விடுமுறை நாள், ஆனாலும் காக்கி பேண்டுதான் போட்டிருந்தார். முப்பது வருடம் கிளட்ச் மிதித்த கால். எங்கள் வண்டி நின்றபடி வெடிப்பதைப் பார்த்துவிட்டு, “ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சிட்டு எப்படிங்க ஒரே சத்தத்துல நிக்குது?” என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் சும்மா கேட்கிறவர் இல்லை. ஒவ்வொரு பதிலிலிருந்தும் அடுத்த கேள்வியைப் பிடித்தார். தார்த் தரையில் சாக்பீஸால் பெடல் வரைந்தேன், தட்டு வரைந்தேன், சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும், ஏன் அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாம் வரைந்தேன். இவ்வளவு நன்றாக நான் யாருக்குமே விளக்கியதில்லை. பாதியில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். மாமா ஹெல்மெட் மாட்டியிருந்தார், வார் இறுக்கியிருந்தார். கதவைச் சாத்தப் போனேன்.

“சுவிட்ச் பாத்தாச்சா மாப்ள?”

“பாத்தாச்சு மாமா.”

அது பொய் என்று சொல்லும்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போதுதானே பார்த்தோம் என்றுதான் இருந்தது. தரையில் பார்த்ததும் வண்டியில் பார்த்ததும் மனதுக்குள் ஒன்றாகிவிட்டிருந்தது.

“என்னடா, கேக்குறேன்ல?” என்றாள் அக்கா. “தேயுமா தேயாதா?”

தேயாது என்று சொல்லிவிட்டால் அவள் நம்பியிருப்பாள். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு பொருளைப் பற்றித் தவறாக விளக்கம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நாக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“தேயும்.”

“தேஞ்சா?”

“புடிக்கிற எடம் மேல போயிடும்.”

“அப்ப சுவிட்ச்சு?”

“அதையும் மேல ஏத்தணும்.”

“தானா ஏறுமா?”

“இல்லக்கா. திருகி ஏத்தணும். படுத்துக்கிட்டு.”

யார் என்று அவள் கேட்கவில்லை. வயரிங் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கையிலிருந்த தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள், சாப்பாடு போடப்போவதுபோல அவ்வளவு நேராக. தன் புடவையில் ஒட்டியிருந்த நூல் துணுக்கு ஒன்றைக் கிள்ளி எடுத்தாள். எடுத்ததைக் கீழே போடாமல் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். விரல் நுனி வெளுத்துக்கொண்டே வந்தது.

மாமா கண்ணைத் திறந்திருந்தார். எப்போது திறந்தார் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில், திடலில் விளக்குக் கம்பம் நிற்கும் உயரத்தில் ஏதோ ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு எத்தனாவது தடவை அது?”

“பதினொண்ணு மாமா.”

“கடைசியா எப்ப திருகுன?”

“அஞ்சுக்கு அப்புறம்.”

“பத்துக்கு?”

பஸ் டிரைவரைப் பற்றிச் சொல்லலாம். வெயிலைப் பற்றிச் சொல்லலாம். எங்கள் எண்ணை முன்னதாகவே கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம். அத்தனையும் உண்மைதான். நான் தலையை மட்டும் அசைத்தேன், இல்லை என்று.

“நான் கேட்டேன்ல?”

“கேட்டீங்க.”

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அக்காவாவது எழுந்து வந்து அறைவாள் என்று காத்திருந்தேன். அக்கா எழுந்து ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டாள். மாமாவின் முகத்தில் விழுந்த வெயிலில் இமை நடுங்குவது தெரிந்தது. அவர் முதுகை நாற்காலியோடு சாய்த்து, இடுப்பை ஒழுங்குபடுத்தி, வாரை இறுக்குவதுபோல மார்பைத் தடவிக்கொண்டார். வலது பாதம் தரையில் அழுந்தியது. இடது தொடை இறுகியது. முழங்கால் நீண்டது. இந்த முறை முழுவதுமாக, வலிக்கிற அளவுக்கு, அதற்குமேல் நீள முடியாத எல்லைவரை நீண்டு நின்றது.

நானும் அக்காவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சுவரிலிருந்த அந்தப் புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு விட்டார்.

ஊக்கு குத்திய துணி ஒரே வீச்சில் திரும்பி வந்தது. நடுவில் எங்கும் நிற்கவில்லை. அவர் மறுபடி மிதித்தார்.